ரத்தம் அறிந்த டாக்டர் மாவட்டத்துக்கு வருவாரா?

சாமராஜநகரிலிருந்து மைசூருக்கு ஏறத்தாழ 60 கிலோ மீட்டர். மாதேஸ்வரன் மலையிலிருந்து கணக்கிட்டால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பஸ்ஸில் வேலைக்குப் போகிறவனுக்கு இது பெரிய தூரம் அல்ல. பிரசவம் ஆகி ரத்தப்போக்கு நிற்காமல் கிடக்கும் பெண்ணுக்கு இது கடக்க முடியாத தூரமாகிவிடக் கூடும்.

1997-ல் மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சாமராஜநகர் தனி மாவட்டமாயிற்று. 2016-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. ஆனாலும் பெரிய வைத்தியம் என்றால் மைசூர்தான் என்ற நிலை முழுவதும் மாறிவிடவில்லை. 2021 மே மாதம் கொரோனா உச்சத்தில் இருந்தபோது, இங்குள்ள மாவட்ட ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் 24 நோயாளிகள் இறந்தார்கள். ஐகோர்ட் அமைத்த குழு ஆக்சிஜன் தட்டுப்பாட்டைச் சுட்டிக்காட்டியது. மைசூரிலிருந்து வர வேண்டிய சிலிண்டருக்காகக் காத்திருந்த அந்த இரவை மாவட்ட மக்கள் இன்னும் மறக்கவில்லை.

ஆக்சிஜனையாவது தொழிற்சாலையில் தயாரித்து லாரியில் ஏற்றிவிடலாம். ரத்தத்தை எந்தத் தொழிற்சாலையும் தயாரிப்பதில்லை. ஒருவர் கொடுத்தால்தான் உண்டு. அப்படிக் கொடுத்ததையும் அறிந்த கை ஒன்று சோதித்து, பிரித்து, காத்து, உரியவருக்கு ஏற்ற வேண்டும். அந்தக் கையைப் பற்றித்தான் நாட்டில் போதிய பேச்சு இல்லை. ரத்த தானம் பற்றி எத்தனையோ சுவரொட்டிகள் ஒட்டப்படுகின்றன. ரத்த வங்கி டாக்டரைப் பற்றி யார் சுவரொட்டி ஒட்டுகிறார்கள்?

தமிழர்களுக்கு என்ன சம்பந்தம்?

நிறையவே உண்டு. கொள்ளேகால் 1956 வரை கோவை மாவட்டத்தோடு இருந்த ஊர். கருங்கல் குவாரியிலும் கட்டட வேலையிலும் தோட்டங்களிலும் தமிழ்த் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஈரோடு மாவட்டத்துத் தாளவாடி மக்களுக்கும், திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சத்தியமங்கலம் போவதைவிடச் சாமராஜநகர் பக்கம்.

வெளியூர்த் தொழிலாளிக்குத் தனியாக ஒரு கஷ்டமும் இருக்கிறது. ஒரு யூனிட் ரத்தம் வேண்டுமென்றால், "பதிலுக்குக் கொடுக்க உங்கள் ஆளைக் கூட்டி வாருங்கள்" என்று சொல்லும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. அண்ணன் தம்பி ஊரில் இருக்கிறார்கள். இவர் இங்கே தகரக் கொட்டகையில் இருக்கிறார். யாரைக் கூட்டி வருவார்? மொழியும் அரைகுறை. இந்தச் சமயத்தில்தான் "ஏற்பாடு செய்து தருகிறேன்" என்று தரகர் தலை நீட்டுகிறார்.

காசுக்கு ரத்தம் விற்பது 1998 ஜனவரி முதல் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. ரத்தத்துக்கு விலை கிடையாது. சோதனைக்கும் பாதுகாப்புக்கும் ஆகும் கட்டணம் மட்டுமே வாங்கலாம். 2022-ல் வந்த வழிகாட்டுதலின்படி, முழு ரத்தத்துக்கோ சிவப்பணுவுக்கோ தனியார் ரத்த வங்கியும் 1,550 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. தலசீமியா, ஹீமோபீலியா, அரிவாள் செல் சோகை உள்ளவர்களுக்கு இலவசம். கையில் உள்ள பணத்தைத் தரகரிடம் கொடுப்பதற்கு முன் தொழிலாளிகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சுப்ரீம் கோர்ட் சொன்னது

ரத்த விற்பனைக்கு முற்றுப்புள்ளி வைத்தது 1996 ஜனவரி 4-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பு. 'காமன் காஸ்' என்ற அமைப்பு தொடுத்த வழக்கு அது. லைசென்ஸ் இல்லாத ரத்த வங்கிகளை மூடுவது, தேசிய அளவிலும் மாநில அளவிலும் கவுன்சில் அமைப்பது ஆகிய உத்தரவுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருந்தது. ரத்தம் சேகரிப்பது, பக்குவப்படுத்துவது, ஏற்றுவது ஆகியவற்றுக்காக மருத்துவக் கல்லூரிகளில் தனி மேல்படிப்பு தொடங்க வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். தடை இரண்டு ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்தது. படிப்பு மெதுவாகத்தான் நகர்ந்தது.

இன்று இத்துறைக்கு மூன்றாண்டு எம்.டி. படிப்பு உண்டு. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இதற்கென்றே தனித் துறைகள் இருக்கின்றன. ஆனால் எம்.டி. முடித்தவர்களைப் பெருநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகள் கொத்திக்கொண்டு போய்விடுகின்றன.

மறு கோடியைப் பாருங்கள். சட்ட விதிகளின்படி, எம்.பி.பி.எஸ். படித்து ரத்த வங்கியில் ஒரு வருட அனுபவமும் ரத்தப் பிரிவு பற்றிய அறிவும் உள்ளவர் ரத்த வங்கியின் பொறுப்பை ஏற்கலாம். தாலுகா ஆஸ்பத்திரிகளில் ரத்தத்தை வாங்கி வைத்துக் கொடுக்கும் சேமிப்பு நிலையத்துக்கு, வருடத்துக்கு 2,000 யூனிட்டுக்குள் இருந்தால், முழு லைசென்ஸ் கூடத் தேவையில்லை. சில நாள் பயிற்சி போதும். குக்கிராமத்துப் பிரசவங்களைக் காப்பாற்றுவதற்காகச் செய்த ஏற்பாடு இது. தவறென்று சொல்ல முடியாது. ஆனால் மூன்று வருடப் படிப்புக்கும் சில நாள் பயிற்சிக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் கிடக்கிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பக் கூடியதுதான் ஓராண்டு 'பெல்லோஷிப்' பயிற்சி.

அமெரிக்காவில் இது நெடுநாளாக நடந்து வருகிறது. பாதாலஜி போன்ற துறையில் பயிற்சி முடித்த டாக்டர், மேலும் ஒரு வருடம் ரத்த வங்கியிலேயே பழகித் தனித் தேர்வு எழுதுகிறார். இது ஏதோ பிரிட்ஜுக்குக் காவல் இருக்கும் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்குப் பிறகு மஞ்சள் காமாலை ஏன் வருகிறது என்று வாஷிங்டன் அருகே ஓர் அரசு ஆராய்ச்சி ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் உட்கார்ந்து வருடக்கணக்கில் துருவிப் பார்த்தவர் டாக்டர் ஹார்வி ஆல்டர். ஹெபடைடிஸ்-சி கிருமியைக் கண்டுபிடிப்பதற்கு அந்த வேலை வழி வகுத்தது. 2020-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்தியாவில் 2001 முதல் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கட்டாயமாகச் செய்யப்படும் ஒரு சோதனை இப்படித்தான் பிறந்தது.

ஒரு வருடத்தில் என்ன கற்கிறார்?

ஏ, பி, ஓ என்ற பிரிவைப் பார்த்துச் சொல்ல டாக்டர் எதற்கு என்று கேட்கலாம். 1952-ல் பம்பாயில் ஒரு புதிய ரத்த வகை கண்டறியப்பட்டது. அந்த நகரத்தின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. மேலோட்டமான சோதனையில் அது 'ஓ' என்றே காட்டும். ஆனால் 'ஓ' ரத்தத்தை ஏற்றினால் நோயாளிக்கு ஆபத்து. சந்தேகப்படத் தெரிந்தவர் இருந்தால்தான் மறு சோதனை நடக்கும்.

பிரிவு சரியாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. ஒரே ரத்தத்தைச் சிவப்பணு, பிளேட்லெட், பிளாஸ்மா என்று பிரித்தால் மூவருக்குப் பயன்படும். பிளேட்லெட்டை 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே வைக்க வேண்டும். ஆயுள் ஐந்து நாள். சிவப்பணுவுக்கு 2 முதல் 6 டிகிரி. ஆயுள் சுமார் ஆறு வாரம். டெங்கு காலத்தில் யாருக்கு பிளேட்லெட் உண்மையிலேயே தேவை, யாருக்கு வீண் என்று வார்டு டாக்டரிடம் வாதாடித் தடுப்பதும் இவர் வேலைதான். சேர்ப்பதைவிட இந்தத் தடுப்பு வேலை கடினமானது.

சாமராஜநகருக்கு இன்னொரு விசேஷத் தேவையும் இருக்கிறது. பக்கத்து நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் நோய்க்குரிய அணுக்கள் 1952-லேயே கண்டறியப்பட்டன. பிளிகிரிரங்கன் மலையின் சோளகர் போன்றவர்களிடமும் அந்நோய் உண்டு. அதை ஒழிக்கும் தேசியத் திட்டம் 2023 ஜூலையில் தொடங்கப்பட்டது. இந்நோயாளிகளில் சிலருக்குப் பலமுறை ரத்தம் ஏற்ற நேரிடும். ஏற்ற ஏற்ற, அந்நிய ரத்தத்துக்கு எதிரான சத்துக்கள் உடம்பில் உண்டாகும்; பிறகு பொருத்தமான ரத்தமே கிடைக்காமல் போகலாம். முதல் யூனிட்டிலிருந்தே ஆர்.எச்., கெல் போன்ற உட்பிரிவுகளையும் பொருத்திக் கொடுத்தால் இந்த அபாயம் குறையும். சில நாள் பயிற்சியில் இது கைவராது.

சீட்டு மாறினால்

தவறான பிரிவு ரத்தம் ஏறிச் சாவு நேர்வது பெரும்பாலும் சோதனைக் குழாயில் நடக்கும் பிழையால் அல்ல. பெயரை மாற்றி எழுதுவது, பக்கத்துப் படுக்கைக்காரரின் ரத்தத்தை எடுத்துவிடுவது, சீட்டை மாற்றி ஒட்டுவது ஆகியவையே காரணம். ஆபீசில் பைல் மாறினால் மெமோ வரும். வார்டில் சீட்டு மாறினால் ஆள் போய்விடுவார். பிரிட்டனில் இத்தகைய பிழைகளை 1996 முதல் பதிவு செய்து வருகிறார்கள். இந்தியாவில் 2012 டிசம்பரில் அதற்கான திட்டம் தொடங்கியது. பழி வாங்கப் பயன்படுத்தாமல் பாடம் கற்க மட்டுமே பயன்படுத்தினால்தான் இது உருப்படும். அதற்குப் பொறுப்பான ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும்.

2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்ததைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தத்தின் மூலம் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றியது. 1989 முதல் கட்டாயமாக இருக்கும் சோதனை அங்கே கைவிட்டது. 2019-ல் மதுரை ஐகோர்ட் கிளை 25 லட்ச ரூபாய் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. ரத்த வங்கிகளுக்குத் தேர்ந்த டாக்டர்களை எப்படித் தருவது என்ற கேள்வி அந்தப் பரபரப்பில் அமுங்கிவிட்டது.

வழி என்ன?

எம்.டி. மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும் என்ற விதி 2020-ல் வந்தது. நல்ல விதிதான். ஆனால் வருகிறவர் மூன்றே மாதத்தில் போய்விடுவார். அதைவிட, மாவட்டத்திலேயே வேலை பார்க்கும் டாக்டரை ஓராண்டுக்கு மைசூருக்கோ பெங்களூருக்கோ அனுப்பி, பயிற்சி முடிந்து திரும்பியதும் சில வருடங்களாவது அதே ரத்த வங்கியில் இருக்கச் செய்வது மேல். கர்நாடகத்தின் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் பல துறைகளில் பெல்லோஷிப் நடத்தி அனுபவம் பெற்றது. ஆகவே புதிதாகக் கட்டடம் எழுப்ப வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டு முட்டுக்கட்டைகள் இருக்கின்றன. ஒன்று, ரத்த வங்கி டாக்டரின் தகுதிகளைச் சொல்லும் விதியில் பெல்லோஷிப் என்று தனியாக எதுவும் இல்லை. சான்றிதழுக்கு மதிப்பில்லாவிட்டால் ஒரு வருடத்தை யார் செலவிடுவார்? விதியில் ஒரு வரி சேர்ப்பது டெல்லியின் கையில் இருக்கிறது. இரண்டாவது, பணம். பயிற்சிக்குப் போகும் டாக்டருக்கு முழுச் சம்பளம் தர வேண்டும். அவர் இல்லாத ஒரு வருடம் அந்த நாற்காலியில் உட்கார இன்னொருவரையும் போட வேண்டும். ஒரு மாவட்டத்துக்கு இரண்டு டாக்டர் என்று வைத்தாலும் மாநில பட்ஜெட்டில் இது கடுகளவுதான். அந்தக் கடுகை எந்தக் கணக்கில் எழுதுவது, சுகாதாரத் துறையிலா, மருத்துவக் கல்வித் துறையிலா என்பதைப் பெங்களூர் விதான சவுதாவில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.