முதலில் எர்த்தைப் பாருங்கள் ஐயா!

சினிமா, கிரிக்கெட், தேர்தல் என்று எழுதிக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று என்ன ஆச்சு என்று கேட்காதீர்கள். இந்த முறை விஷயம் பழைய லோடு வண்டியும் அதன் வயரிங்கும்தான். படிக்க ஆரம்பித்தவர்கள் தயவுசெய்து பாதியில் ஓடிவிடாதீர்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமோ, திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டை பக்கமோ காலையில் போய் நின்று பாருங்கள். 207, பொலேரோ பிக்கப், 2005-ல் வந்த டாடா ஏஸ் (நம்ம குட்டி யானைதான்) என்று வரிசையாக நிற்கும். பல வண்டிகள் செகண்ட் ஹேண்டில் வாங்கியவை, கடனில் ஓடுபவை. ஓனர்தான் டிரைவர். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அன்றைக்கு லோடு இல்லை, லோடு இல்லை என்றால் காசு இல்லை.

அந்த மனுஷனிடம் நம்ம ஊரில் என்ன சொல்கிறார்கள்? "பேட்டரி போச்சுண்ணே, மாத்திடுங்க." மாற்றுகிறார். பத்து நாளில் மறுபடி அதே கதை. "அப்போ டைனமோதான்." அதையும் மாற்றுகிறார். அடுத்தது செல்ஃப் மோட்டார். மூன்றும் புதுசு, கோளாறு மட்டும் பழசு! இதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை சார், சீட்டு குலுக்கிப் போடுவது.

என் வாதம் ஒன்றே ஒன்றுதான்: மீட்டர் வைத்து அளந்து எண்ணைக் காட்டாமல் ஒரு பார்ட்டைக்கூட மாற்றக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். டீசல் இன்ஜினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் போகும் எர்த் வயர் துருப்பிடித்து, ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை வந்தாலே 2 வோல்ட் அங்கேயே காலி. 400 வாட் அந்த ஜாயின்டைச் சூடாக்கப் போய்விடுகிறது. செல்ஃப் 'டக் டக்' என்று முனகும். பேட்டரி மேல் பழி விழும்! பழவேற்காடு, எண்ணூர் உப்புக்காற்று, மார்கழி வரை நிற்கிற மழைத்தண்ணீர் எல்லாம் பார்த்த வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த எர்த்தைத்தான்.

கண்டுபிடிப்பது கம்பசூத்திரம் இல்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிவிட்டால் பல நேரம் வேலை முடிந்தது. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிகிறதா? அதுவும் பெரும்பாலும் பின்விளக்கு எர்த்தின் கைங்கர்யம்தான். போக வழியில்லாத கரண்ட் அடுத்த பல்பு வழியாகச் சுற்றிப் போகிறது.

டைனமோவுக்கும் இதேதான். வண்டி நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். டைனமோவில் 14.2 இருந்து பேட்டரியில் 13 தான் வருகிறது என்றால் குற்றவாளி நடுவில் உள்ள வயர். பல பழைய வண்டிகளில் டேஷ்போர்டு சார்ஜ் லைட் பல்பு பியூஸ் ஆனாலே டைனமோ சார்ஜ் கொடுக்கத் தொடங்காது. சின்ன பல்புக்காகப் புது டைனமோ!

இன்னொரு மகா சோதனை உண்டு. இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றுவார்கள். வண்டி நிற்காவிட்டால் டைனமோ நல்லதாம். அட ராமா! மெக்கானிக்கல் பம்ப் வைத்த பல பழைய டீசல் வண்டிகள் கரண்டே இல்லாமலும் ஓடும். இந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. கழற்றும் நேரத்தில் எகிறும் வோல்ட்டேஜில் நல்ல டைனமோவின் டயோடு போவதுதான் மிச்சம்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது பியூஸ் விஷயம். 60 வாட் பல்பு இரண்டுக்கு 10 ஆம்பியர் போதும். அதைக் கழற்றிவிட்டு 100 வாட் மாட்டினால் கிட்டத்தட்ட 17 ஆம்பியர். பழைய வயர், பழைய ஸ்விட்ச், ரிலேயும் இல்லை. பியூஸ் போகத்தானே செய்யும்? உடனே ஒரு செப்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். பியூஸ் இருப்பது பல்பைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. கம்பி சுற்றிய பிறகு வயர்தான் பியூஸ். அது எரிவது டிரைவரின் காலுக்குப் பக்கத்தில்.

"தம்பி, படிச்சிட்டுப் பேசுறது ஈசி. அளந்து பார்க்க ஒரு மணி நேரம் ஆகும், அதுக்கு எவன் காசு தர்றான்?" என்று எலக்ட்ரீஷியன் அண்ணன்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. புது பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் நாம், "ஒண்ணும் மாத்தலையே, எதுக்கு முந்நூறு ரூபாய்?" என்று சண்டை போடுகிறோம். கைத்திறனுக்குக் கூலி இல்லை, டப்பாவில் வரும் பொருளுக்கு மட்டும் மரியாதை. அப்படியிருந்தால் அவர் பொருளைத்தானே விற்பார்? ஆகவே ஓனர்களே, கோளாறைக் கண்டுபிடிக்கத் தனிக் கூலி கொடுங்கள். கொடுத்த பிறகு, "மீட்டரில் எவ்வளவு காட்டியது?" என்று உரிமையோடு கேளுங்கள்.

எட்டு வயது தாண்டிய லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. உண்டு. அன்றைக்கு ஒரு நாள் எல்லா விளக்கும் எரிந்தால் போதும் என்று நினைப்பவர்கள், ராத்திரி கவரைப்பேட்டை தாண்டி கொல்கத்தா நெடுஞ்சாலையில் போய்ப் பார்க்கட்டும். பின்விளக்கு எரியாமல் ஓரமாக நிற்கும் குட்டி யானையை, பின்னால் இரும்பு ஏற்றி வரும் டிரெய்லர்காரர் கிட்டே வந்த பிறகுதான் பார்ப்பார். அப்போது பிரேக் அடித்து என்ன பிரயோஜனம்?

ஒரு சாதாரண மல்டிமீட்டர் சில நூறு ரூபாய். அதை வாங்கி வண்டியில் போடுங்கள். ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழத்தோடு அதற்கும் ஒரு பொட்டு வையுங்கள். தப்பே இல்லை.