டாப் ஸ்டேஷனில் ஸ்டேஷன் எங்கே?

போன லீவில் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் போயிருந்தோம். இறங்கியதும் பையன் கேட்டான், "ஸ்டேஷன் எங்கேப்பா?" பேர்தான் மிச்சம் :-)

1902-ல் குண்டளா பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, மாடு பூட்டி வண்டி இழுத்தார்கள். 1908-ல் இரண்டடி அகலப் பாதை, நீராவி எஞ்சின். தேயிலைப் பெட்டிகள் இங்கே வந்து, ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாக இங்கிலாந்து வரை போயின. 1924 வெள்ளம் பாதையையே அடித்துக்கொண்டு போனது. மூணாறு ஸ்டேஷன் கட்டடம் தேயிலைக் கம்பெனி ஆபீஸ் ஆகிவிட்டது.

அந்த ரயிலை மறுபடி ஓட்டணும்னு அவ்வப்போது பேச்சு எழும். எனக்கென்னவோ அதில் ஆர்வமில்லை. ஏற்கெனவே சீசனில் மலை தாங்கவில்லை. இதே மாதிரி ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடிய பாட்டியாலா எஞ்சினை டில்லி ரயில் மியூசியத்தில் பார்க்கலாம். இரும்பை எப்படியாவது காப்பாற்றிவிடுவார்கள். பெட்டி சுமந்த நம்ம சனம்? நெட்டில் தேடினால் துரைமார் பேர்தான் வருகிறது.

உங்க வீட்டில் யாராவது எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவங்களா? இந்த ஞாயிறு போன் பேசும்போது, தாத்தா பாட்டி அந்த ரயிலைப் பற்றிச் சொன்னது ஏதாவது இருக்கா என்று கேளுங்க. அப்படியே ரெக்கார்டும் பண்ணிடுங்க.