செபிக்கவும் விடாத சிறுவர்

சாத்தான்குளத்திலிருந்து உடன்குடி வழியாகக் கடற்கரையை நோக்கிச் செல்வோர் மணப்பாட்டை அடைவர். அங்கே கடலைப் பார்த்தபடி ஒரு குகை உண்டு. புனித சவேரியார் தங்கிச் செபித்த இடமென்று நம் முன்னோர் காட்டிவந்த குகை அது. செப்டம்பர் 14ஆம் நாள் திருச்சிலுவைத் திருவிழாவுக்குச் செல்லும் நம் குடும்பங்கள் அதனுள் நுழைந்து, கிணற்று நீரைப் பருகித் திரும்புகின்றன. அயல்நாட்டிலிருந்து வந்த அக்குரு எப்போது செபித்தார், எப்போது உறங்கினார் என்று நாம் கேட்பதில்லை.

அவரே அதைச் சொல்லியிருக்கிறார். 1541 ஏப்ரல் 7ஆம் நாள் லிஸ்பனில் கப்பலேறிய அவர், 1542 மே 6ஆம் நாள் கோவாவில் இறங்கி, அவ்வாண்டின் இறுதிக்குள் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அக்டோபர் 28ஆம் நாள் தூத்துக்குடியிலிருந்து புனித இஞ்ஞாசியாருக்கு ஒரு மடல் எழுதினார். ஊர்களில் கால் வைத்ததும் சிறுவர் சூழ்ந்துகொண்டனராம். செபங்களைக் கற்பிக்கும்வரை, குருக்கள் நாள்தோறும் சொல்லக் கடமைப்பட்ட கட்டளைச் செபத்தைச் சொல்லவோ, உண்ணவோ, உறங்கவோ அவரை விடவில்லையாம். விண்ணரசு ஏன் இத்தகையோரது என்பது அப்போதுதான் தமக்கு விளங்கத் தொடங்கியது என்கிறார். முறைப்பாடாக அல்ல, மகிழ்ச்சியாகவே எழுதுகிறார்.

இதைப் பிடித்துக்கொண்டு, புனிதர் ஓய்வே அறியாதவர், ஆகவே குருக்களுக்கு ஓய்வு எதற்கு என்று பேசுவோர் நம்மிடையே உண்டு. நாம் அதற்கு உடன்படவில்லை. 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில், திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கைகள் சோர்ந்துவிடுவதையும், விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிச் சொல்லிக் குரல் அடைத்துப்போவதையும் அவர் மறைக்கவில்லை. அதே மடலில் மற்றொரு செய்தியும் உண்டு. நோயுற்றோர் வீடுகளிலிருந்து அழைப்பு மிகுந்தபோது, எல்லாவற்றுக்கும் தாமே ஓடவில்லை. செபங்களைக் கற்றிருந்த சிறுவரை அனுப்பினார். செபிக்க விடாத அப்பிள்ளைகளே அவருக்காகச் செபிக்கச் சென்றனர்!

ஞாயிறுகளில் ஆண், பெண், முதியோர், சிறுவர் அனைவரையும் கூட்டித் தமிழிலேயே செபங்களைச் சொல்லவைத்தார். மொழி அறியாதவர், இரு மொழியும் தெரிந்தோர் துணையுடன் மாதக்கணக்கில் உழைத்து மொழிபெயர்த்தவை அவை. அதிலும் பிழை நேர்ந்தது. "விசுவசிக்கிறேன்" என்னுமிடத்தில் "வேண்டும்" என்னும் சொல் புகுந்திருந்ததைக் கண்டு, அதைத் திருத்தும்படி 1544இல் தம் உடனுழைப்பாளர் மான்சிலாசுக்கு எழுதினார். அயல் மண்ணில் வழிபாடு நடத்துவதென்றால் இத்தனை பாடு இருக்கிறது.

திருத்தூதர்கள் பணி முடித்துத் திரும்பியபோது, உண்ணவும் நேரமின்றி இருந்த அவர்களைத் தனியிடத்திற்குச் சென்று சற்றே இளைப்பாறுமாறு அழைத்தவர் நம் ஆண்டவர். மக்களோ அங்கும் முந்திச் சென்று நின்றனர் என்று மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் கூறுகிறது. நாமும் அம்மக்களின் இனத்தவரே. ஆப்பிரிக்க நாடொன்றில் மறைபணி புரியும் குரு ஒருவர் விடுமுறையில் நம் ஊருக்கு வந்திருந்தார். புதுவீடு மந்திரிப்பு, பிள்ளையின் படிப்பு, கலியாணப் பேச்சு என்று அவர் வாயிலில் நாள்தோறும் கூட்டம். நாமும் ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்குக் கதவைத் தட்டி, "சுவாமி, ஒரு நிமிடம்தான்" என்றோம். முக்கால் மணி நேரம் பேசினோம். அவர் முகம் கோணாமல் கேட்டுக்கொண்டிருந்தார். விடைபெற்று எழுந்தபோதுதான் கண்டோம்: கட்டளைச் செபப் புத்தகம் அவர் மடியில் இருந்தது, விட்ட பக்கத்திலிருந்து விரலை அவர் எடுக்கவே இல்லை.