கழன்ற ஜெட்டை யார் பார்ப்பது?

சிறிய விமானம் ஒன்று இன்ஜின் நின்றுபோய் வயலிலோ சாலையிலோ இறங்கினால், மறுநாள் செய்தியில் 'அதிர்ஷ்டவசமாக', 'சாமர்த்தியமாக' என்ற இரண்டு சொற்களும் தவறாமல் இருக்கும். விமானியைப் பாராட்டிவிட்டு ஊர் வேறு செய்திக்குப் போய்விடும். இன்ஜின் ஏன் நின்றது என்று சொல்லும் விசாரணை அறிக்கை மாதக்கணக்கில் கழித்து வரும்போது அதைச் சீண்ட ஆளிருக்காது. படிக்க வேண்டியதோ அதைத்தான்.

2015 மார்ச் 5 அன்று ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு, ரையன் என்ற பழைய பயிற்சி விமானத்தில் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவிலிருந்து கிளம்பினார். இருவருமே 1942இல் பிறந்தவர்கள், அவரும் விமானமும். மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் ஓய்ந்தது. திரும்பி ஓடுதளத்தைப் பிடிக்கப் பார்த்தவர், எட்டாது என்று தெரிந்ததும் பக்கத்துக் கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார். வழியில் ஒரு மரத்தின் உச்சியில் மோதி, பலத்த காயத்தோடு பிழைத்தார். புகழ்மாலைகள் குவிந்தன. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை முடிவு வேறொன்றைக் காட்டியது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் பிரதான ஜெட் மரை கழன்று, இருந்த இடத்தை விட்டுத் திரும்பிக் கிடந்தது. பழைய ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்: காற்றுக்கு மீறிப் பெட்ரோல் பாய்ந்தால் வண்டி இழுக்காது, அணைந்துவிடும். அந்தக் கார்புரேட்டரைப் புதுப்பித்துச் சுமார் 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. இடையில் ஜெட்டைச் சோதிக்கச் சொல்லும் பராமரிப்புக் குறிப்பு எதுவும் இல்லை. தோள்வாரைப் பொருத்திய விதமும் சரியில்லை. வலுவூட்டாத இருக்கை முதுகைப் பிய்த்துக்கொண்டு அது வந்துவிட்டது.

அப்படியானால் விமானியின் திறமை ஒன்றுமில்லையா என்று கேட்பார்கள். நிச்சயம் உண்டு. இன்ஜின் நின்ற விமானம் கல்லைப் போல விழுவதில்லை. செஸ்னா 172 போன்ற விமானம் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து, காற்று எதிர்க்காவிட்டால், ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர் தூரம் சறுக்கிச் செல்லும். பதற்றத்தில் மூக்கைத் தூக்கினால் வேகம் குறைந்து இறக்கை தாங்காமல் போய்விடும். மூக்கைத் தாழ்த்திப் பிடிப்பதற்குத்தான் பயிற்சியும் நிதானமும். ஆனால் இறங்க இடம் இருக்கும்வரைதான் அந்தத் திறமை செல்லுபடியாகும். 2017 ஆகஸ்ட் 2 அன்று போர்ச்சுகலில் லிஸ்பன் அருகே, இன்ஜின் கோளாறான செஸ்னா 152 பயிற்சி விமானம் ஒன்று கோஸ்தா த கபாரிகா கடற்கரையில் இறக்கப்பட்டது. கோடை விடுமுறைக் கூட்டம். மணலில் இருந்த எட்டு வயதுச் சிறுமியும் 56 வயது ஆண் ஒருவரும் அடிபட்டு இறந்தார்கள். விமானத்திலிருந்த இருவரும் தப்பிவிட்டார்கள். கடலில் இறக்கியிருக்கலாமே என்ற கோபம் எழுந்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் சக்கரம் மடங்காத விமானம் நீரைத் தொட்டதும் குப்புறக் கவிழக்கூடும் என்பதும் உண்மை. கடலா, மணலா என்று சில நொடிகளில் ஒருவர் தலையில் வந்து விழும் அந்த முடிவு, வராமலே தடுக்கப்பட வேண்டியது.

பழைய விமானங்களுக்குத் தடை போட்டால் தீர்ந்தது என்பது சுலபமான யோசனை. ஆனால் சிறு விமானங்களில் பல, பல பத்தாண்டுகளாகப் பறப்பவை. செஸ்னா 172 முதலில் பறந்ததே 1955இல். ஃபோர்டின் விமானத்தில் பிசகியது வயதல்ல, அந்த வயதுக்கு ஏற்ப எதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எழுதி வைக்காததுதான். இரண்டு இன்ஜின் வைத்தால் என்ன என்போருக்கும் பதில் உண்டு: குறைந்த வேகத்தில் ஒன்று நின்றால் மற்றொன்று விமானத்தை ஒரு பக்கமாகத் திருப்பிப் புரட்டிவிடக்கூடும். அதற்குத் தனிப் பயிற்சி, இரட்டைப் பராமரிப்பு, இரட்டைச் செலவு. ஒரு ஜெட்டை முடுக்கிப் பார்க்க அவ்வளவு ஆகாது. பராமரிப்பு அட்டவணையில் அதற்கு ஒரு வரியும், மெக்கானிக் கையெழுத்திட ஒரு கட்டமும் போதும். விமானியின் படத்தை முதல் பக்கத்தில் போடும் பத்திரிகைகள், அறிக்கை வெளியாகும் நாளில் அதே பக்கத்தில் நான்கு வரியாவது ஒதுக்கட்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் யாராவது கேட்பார்கள்.