இரண்டு நாட்காட்டிகள்

பேரவையின் செயலவை அறைச் சுவரில் ஆண்டு நடவடிக்கை அட்டவணை ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். புதிய மாணவர் அறிமுக இரவு, பொங்கல் விழா, நாடகம், சிறுகதைப் பட்டறை, தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான முகாம் எல்லாம் அதில் இருக்கும். நான் படித்த காலத்திலும் இருந்தது. அண்மையில் பழைய மாணவன் என்ற முறையில் வந்து போனபோதும் இருந்தது. அதே நாளில் பொறியியல் புலத்துக்கும் போய், அங்குள்ள அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். மலேசியப் பொறியாளர்கள் கழகத்தின் வரவிருக்கும் நடவடிக்கைகள் ஒரு தாளில் இருந்தன: மாலை உரைகள், ஒரு கட்டுமானத் தளப் பயணம், இளம் பொறியாளர் பிரிவின் சந்திப்பு, தொழில்முறை நேர்முகத் தேர்வுக்கான விளக்கக் கூட்டம். தாளின் ஒரு மூலை கிழிந்து தொங்கியது. நான் நின்றிருந்த கால் மணி நேரத்தில் யாரும் அதன் பக்கம் திரும்பவில்லை.

நண்பர்களே, இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்ட வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்ல என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் சிவில் பொறியியல் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது எங்கள் விடுதியில் ஒரு மூத்த மாணவர் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறையாவது என் அறைக் கதவைத் தட்டுவார். "தம்பி, இன்னிக்கு சாயந்தரம் பிஜேயில ஒரு டாக் இருக்கு, வரியா?" என்பார். "இல்லண்ணே, நாடக ஒத்திகை இருக்கு" என்பேன். ஒத்திகை இருந்தது உண்மை. ஒத்திகை இல்லாத நாள்களிலும் அதையே சொன்னேன் என்பதும் உண்மை. அங்கே போனால் டை கட்டிய பெரியவர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள், நமக்கென்ன வேலை என்ற எண்ணம். நான்கு ஆண்டுகளில் ஒரு மாலைகூடப் போகவில்லை.

பட்டம் வாங்கினேன். அப்பாவுக்கு நான் அன்றே 'இன்ஜினியர்'. தோட்டத்தில் இருந்த உறவினர்களுக்கெல்லாம் அப்படித்தான் அறிமுகப்படுத்தினார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் சரியாகத் தெரியாது. 1967ஆம் ஆண்டுப் பொறியாளர் பதிவுச் சட்டத்தின்படி பட்டதாரி முதலில் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம், அதன்பின் தொழில்முறைத் தேர்வு. அதைத் தாண்டினால்தான் பெயருக்கு முன்னால் 'இர்.' என்று போட்டுக்கொள்ளலாம். 2015இல் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அதிலும் இன்னொரு படி வந்துவிட்டது. தொழில் நடத்தும் சான்றிதழ் உள்ளவர்தான் வரைபடங்களில் கையெழுத்திட்டு அதிகாரிகளிடம் சமர்ப்பிக்க முடியும்.

நான் முதலில் சேர்ந்தது ஒரு சிறிய ஆலோசக நிறுவனம். இரண்டு ஆண்டுகள் கிள்ளான் பக்கம் பைலிங் சைட்டில் வெயிலில் காய்ந்தேன். என்ன செய்தேன் என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. லாக் புக் என்று ஒன்று உண்டு, அதை மேற்பார்வைப் பொறியாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்கக்கூடிய இடத்துக்கு நான் போகவில்லை. எனக்கு மேலிருந்த பொறியாளர் ஓய்வுபெற்று ஊருக்குப் போன பிறகுதான் அவருடைய கையெழுத்தின் அருமை தெரிந்தது.

பின்னர் ஒருவழியாக அறிக்கை தயாரித்து நேர்முகத் தேர்வுக்குப் போனேன். எதிரில் இரண்டு பேர். "இந்தத் திட்டத்தில் நீங்கள் எடுத்த முடிவு எது?" என்று கேட்டார்கள். நான் முதலாளி சொன்னது, குத்தகையாளர் செய்தது, வரைபடத்தில் இருந்தது எல்லாம் சொன்னேன். அவர் அதே கேள்வியை மறுபடியும் பொறுமையாகக் கேட்டார். பட்டிமன்ற மேடையில் ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசிக் கைதட்டு வாங்கியவன் நான். அன்று எனக்கு வாய் வரவில்லை. தேர்ச்சி இல்லை என்று கடிதம் வந்தது. நியாயமான முடிவுதான். இரண்டாம் முறை தேறுவதற்குள் என்னோடு படித்தவர்கள் சிலர் தங்கள் பெயரில் வரைபடம் சமர்ப்பிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த இடைவெளியில்தான் முதன்முறையாக ஒரு மாலை உரைக்குப் போனேன். பெட்டாலிங் ஜெயாவில், ஐந்தரை மணிக்கு. வாசலில் தேநீரும் மீகூனும் கறிபாப்பும் இருந்தன. பேசியவர் பைல் சோதனை பற்றிப் பேசினார். சைட்டில் நாங்கள் 'சின் முறை' என்று ஒன்றைப் பயன்படுத்துவோம். பைலின் மீது சுமையை ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு சுமைக்கும் அது எவ்வளவு இறங்குகிறது என்று அளப்போம். இறக்கத்தைச் சுமையால் வகுத்து வரும் எண்ணை இறக்கத்துக்கு எதிராகப் புள்ளியிட்டால் ஏறத்தாழ ஒரு நேர்கோடு கிடைக்கும். அந்தக் கோட்டின் சரிவைத் தலைகீழாக்கினால், பைலை உடையும்வரை சோதிக்காமலேயே அதன் இறுதித் தாங்குதிறனைக் கணித்துவிடலாம். அதை எத்தனையோ முறை செய்திருக்கிறேன். 'சின்' என்பது எங்கோ அமெரிக்காவிலோ சீனாவிலோ இருந்த ஒருவர் என்று நினைத்திருந்தேன். அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய பேராசிரியர் சின் ஃபுங் கீ என்பதையும், அவர் பெயரில் நினைவுச் சொற்பொழிவு நடந்து வருகிறது என்பதையும் அந்த மாலைதான் அறிந்தேன். வெட்கமாக இருந்தது.

உரை முடிந்து கேள்வி நேரத்தில் நடப்பதுதான் முக்கியம். நரைத்த தலைகள் எழுந்து, "என் சைட்டில் இப்படி நடந்தது, நான் இந்த முடிவு எடுத்தேன், அது தவறாகப் போனது" என்று சொல்வார்கள். நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்ட கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று அங்கே இலவசமாகக் காட்டுகிறார்கள். எந்தப் பாடநூலிலும் இதை நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் பதவிக்கும் சம்பளத்துக்கும் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். 1993 டிசம்பர் 11ஆம் நாள் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டனர். பின்னாலிருந்த சரிவு மழையில் நகர்ந்தது. கட்டடத்தைத் தாங்கி நின்றவை தண்டவாள இரும்பைப் பற்றவைத்துச் செய்த பைல்கள். மேலிருந்து வரும் சுமையைத் தாங்கும், பக்கவாட்டில் தள்ளினால் நிற்காது. 1959இல் தொடங்கப்பட்ட நம் பொறியாளர்கள் கழகம் 2000ஆம் ஆண்டில் மலைச்சரிவு மேம்பாடு குறித்து ஒரு நிலைப்பாட்டு அறிக்கை வெளியிட்டது. சரிவுகளை அபாயத்துக்கு ஏற்ப மூன்று வகையாகப் பிரிக்க வேண்டும் என்றது. அத்தகைய அறிக்கைகளுக்குப் பின்னால் இருப்பது வேலை முடிந்து வந்து உட்கார்ந்து பேசும் பொறியாளர்கள்தாம். 2022 டிசம்பர் 16இல் பத்தாங் காலியில் சரிவு இறங்கி 31 பேர் இறந்தபோது மறுபடியும் நாடு முழுவதும் அதே பேச்சு. அந்த மேசைகளைச் சுற்றி நம் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. நான் போன மாலைகளில் பெரும்பாலும் ஒரு கை விரல்களுக்குள் முடிந்துவிட்டது. இத்தனைக்கும் பொறியியல் படிக்கும் தமிழ் மாணவர்கள் குறைவில்லை.

கழகத்தையும் சும்மா விடுவதற்கில்லை. உரைகளின் தலைப்பைப் படித்தாலே முதலாண்டு மாணவன் ஓடிவிடுவான். பேருந்தை நம்பியிருக்கும் மாணவனுக்கு மாலை ஐந்தரை மணிப் பெட்டாலிங் ஜெயா என்பது ஒரு பயணம். மாணவர் உறுப்பினராகச் சேரலாம் என்ற செய்தி போய்ச் சேர வேண்டியவர்களுக்குப் போய்ச் சேருவதில்லை. பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு தடை. இரவு எட்டு மணிக்கு எங்கிருந்து வருகிறாய் என்று வீட்டில் கேட்பார்கள். நடன ஒத்திகை என்றால் விட்டுவிடும் அம்மா, பொறியாளர் கூட்டம் என்றால் ஏன் இரண்டு முறை கேட்கிறார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கழகத்தில் பெண் பொறியாளர்களுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது, அம்மாவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

"அப்படியானால் பேரவை வேண்டாமா, அண்ணே?" என்று ஒரு தம்பி கேட்டார். பேரவை இல்லாவிட்டால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே மாட்டேன். மேடைப் பயத்தைப் போக்கியது பேரவை. நூறு பேருக்குச் சோறு ஏற்பாடு செய்யவும், கணக்குக் காட்டவும் கற்றுக்கொடுத்ததும் பேரவைதான். கட்டுமானத் தளத்தில் அவை எல்லாமே உதவின. ஆனால் அங்கே கற்றதை அடுத்த கட்டடம் வரை எடுத்துச் செல்ல எனக்குத் தோன்றவில்லை. பேரவையும் தோன்ற வைக்கவில்லை. எல்லா மாலைகளையும் ஒத்திகையால் நிரப்பிவிட்டு, தம்பிகள் ஏன் தொழிலில் மேலே வரவில்லை என்று ஆண்டு விருந்தில் வருந்துவது சரியா என்று செயலவை யோசிக்கட்டும்.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. தவணை தொடங்கும்போது செயலாளர் கழகத்தின் நடவடிக்கைப் பட்டியலை வாங்கி, பொறியியல் மாணவர்களுக்குப் பயன்படும் மூன்று மாலைகளைத் தேர்ந்தெடுத்து, நம் அட்டவணையிலேயே எழுதட்டும். அந்த மூன்று மாலைகளில் ஒத்திகை வேண்டாம். தளப் பயணத்துக்கு இடம் குறைவாகத்தான் இருக்கும், முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். தனியாகப் போனால் மூலையில் நின்று மீகூன் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவோம், நால்வராய்ப் போனால் ஒருவராவது கேள்வி கேட்பார். திரும்பி வந்து, கேட்டதைப் பேரவையில் கால் மணி நேரம் தமிழில் சொல்லட்டும். பைலின் இறக்கத்தைத் தமிழில் விளக்கப் பார்த்தால்தான் நமக்கு அது புரிந்ததா என்று தெரியும். எனக்கே மேலே அந்தப் பத்தியை எழுத இரண்டு இரவு ஆயிற்று.

நான் வேலை செய்யும் இடம் பல்கலைக்கழகத்துக்கு அருகில்தான். அடுத்த உரைக்கு ஐந்து மணிக்கு முதன்மை வாயிலில் காரோடு நிற்பேன். ஓட்டுநர் இருக்கை போக நான்கு இடம் இருக்கிறது. முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கே முன்னுரிமை. செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.