வாசலில் ஒரு சட்டி தண்ணீர்



சிறிய சாப்பாட்டுக்கடை நடத்துகிற சகோதரிகளைச் சந்திக்கும்போது அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. "அக்கா, கடை வாசலில நாய்கள் வந்து படுக்குது. துரத்தப் பாவமாக் கிடக்கு. விட்டால் சாப்பிட வாற சனம் முகம் சுளிக்குது. என்ன செய்யிறது?"

கேட்க இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் கணவரை இழந்து, இடியப்பமும் பிட்டும் அவித்து விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கிற ஒரு பெண்ணுக்கு இது வயிற்றுப்பாட்டோடு சேர்ந்த கேள்வி. யாராவது முறைப்பாடு செய்தால் பொதுச்சுகாதாரப் பரிசோதகர் வருவார். கடை நாலு நாள் பூட்டிக் கிடந்தால் அந்த நாலு நாளும் வருமானம் இல்லை. ஆகவே இந்த மாதம் இதைப் பற்றியே பேசுவோம்.

என் தங்கை லண்டனின் புறநகர்ப் பகுதியான ஹறோவில் இருக்கிறாள். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வாழ்கிற இடம் அது. அவளிடம் போயிருந்தபோது பக்கத்திலுள்ள றைஸ்லிப் என்ற சிறு நகரத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பெரிய காடு ஒன்று பாதுகாக்கப்பட்டிருக்கிறது. சனங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அந்தக் காட்டில் நடந்துவிட்டு, அப்படியே தேநீர்க்கடைக்கும் போகிறார்கள். நாங்கள் போன கடையின் கண்ணாடிக் கதவில் நாய்களும் வரலாம் என்று எழுதி ஒட்டியிருந்தது. வாசலில் ஒரு சட்டியில் தண்ணீர். காசு வாங்குகிற மேசையில் நாய்களுக்கென்று ஒரு போத்தல் பிஸ்கட். உள்ளே மேசைக்குக் கீழே ஒரு பெரிய கறுப்பு நாய் படுத்திருந்தது. நான் காலைத் தூக்கிக்கொண்டேன்.

"அக்கா, பயப்பிடாதேங்கோ. அது ஒண்டும் செய்யாது" என்றாள் தங்கை.

தேநீர்க்கடை மட்டுமல்ல, பப் என்று சொல்லப்படும் மதுச்சாலைகளிலும் இப்படித்தான். அந்த நாட்டில் குடும்பமாகப் போய்ச் சாப்பிடுகிற இடம் அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாட்டன், பேரப்பிள்ளைகள், நாய் எல்லோரும் போவார்கள்.

முதலில் எனக்கு இது பணக்கார நாட்டுச் செல்லம் என்றே பட்டது. பிறகு கவனித்துப் பார்த்தேன். அந்த நாயின் கழுத்தில் பட்டியும், பட்டியில் கயிறும் இருந்தன. கதிரையில் அது ஏறவில்லை. மனிதர் சாப்பிடும் தட்டில் அதற்கு யாரும் ஒன்றும் வைக்கவில்லை. சமையலறைப் பக்கம் அது போகவே முடியாது. சில மதுச்சாலைகளில் நாய் வைத்திருப்போருக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு வேறு பக்கம் என்று பிரித்தும் வைத்திருக்கிறார்கள். நாய்க்குப் பயந்தவர்களும் உண்டல்லவா?

இங்கிலாந்தில் சாப்பிடுகிற இடத்துக்குள் நாய் வரக்கூடாது என்று சட்டம் இல்லை. விடுவதும் விடாததும் கடைக்காரரின் விருப்பம். உணவு தயாரிக்கிற, கையாளுகிற, சேமித்து வைக்கிற இடத்துக்குள் மட்டும் நாய், பூனை போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது கட்டாயம். பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் விஷயம் வேறு. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, நாயோடு வந்திருக்கிறார் என்பதற்காக அவரைத் திருப்பி அனுப்பக் கடைக்காரருக்கு உரிமை இல்லை.

வழிகாட்டும் நாய்களின் கதை எங்களுக்கும் நெருக்கமானது. முதலாம் உலகப் போரில் கண்ணை இழந்த படைவீரர்களுக்காகத்தான் ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் நகரில் 1916இல் இந்த நாய்களைப் பழக்கும் பள்ளி தொடங்கியது. பிரித்தானியாவில் முதல் நான்கு நாய்கள் 1931இல் பழக்கி முடிக்கப்பட்டன. போர் பறித்த பார்வைக்கு ஒரு நாய் துணையாக வந்தது. எங்கள் மண்ணிலும் கண்ணிவெடி தேடும் பணியில் மோப்ப நாய்கள் மனிதரோடு சேர்ந்து நடந்திருக்கின்றன.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நாட்டில் நாய் மேசைக்குக் கீழே படுத்திருப்பது ஒரே நாளில் வந்த பழக்கம் அல்ல. அங்கும் ஒரு காலத்தில் விசர்நாய்க்கடி இருந்தது. வாய்க்கு மூடி போடவும், நாய்களைப் பதியவும், வெளிநாட்டிலிருந்து வரும் நாய்களை மாதக்கணக்கில் தனியே அடைத்து வைக்கவும் கடும் விதிகள் வைத்து, 1922இல் அந்த நோயை நாட்டை விட்டே துரத்தினார்கள். இன்று பொது இடத்துக்கு வரும் நாயின் கழுத்துப் பட்டியில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். 2016 முதல் இங்கிலாந்தில் தோலுக்கடியில் அடையாளச் சில்லும் கட்டாயம். ஒவ்வொரு நாய்க்கும் பொறுப்பான ஒருவர் இருக்கிறார். அதனால்தான் அதைப் பார்த்து யாரும் காலைத் தூக்குவதில்லை.

எங்கள் நாய்களின் கதை வேறு. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் ஒரே இரவில் வீட்டை விட்டு வந்தோம். நாய்கள் படலையடியில் நின்றன. சில எங்களோடு கொஞ்சத் தூரம் ஓடிவந்து, சனத்துக்குள் தவறிப்போயின. வன்னியில் 2008இலும் 2009இலும் எத்தனை தரம் இடம் மாறினோமோ அத்தனை தரமும் இது நடந்தது. திரும்பிப் போனபோது கூரையில்லாத வீட்டு வாசலில் எலும்பும் தோலுமாய் நாய் படுத்திருந்ததைக் கண்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். இன்று தனியே பிள்ளைகளோடு இருக்கிற எத்தனையோ பெண்களுக்கு, இரவில் படலையடியில் காலடிச் சத்தம் கேட்டால் முதலில் குரைக்கிற துணையும் நாய்தான்.

வைரவர் கோயிலில் நாயை வாகனம் என்று கும்பிட்டுவிட்டு, கடை வாசலில் அதே நாய்க்குக் கொதிதண்ணீர் ஊற்றுகிறவர்களையும் பார்க்கிறோம். சூடுபட்ட நாய் வெருண்டு போய்க் குழந்தையைக் கடிக்கும். அதனால் யாருக்கு என்ன நன்மை?

சரி, கடை வைத்திருக்கிற சகோதரி என்ன செய்யலாம்?

முதலாவது, குசினிக்கு ஒரு கதவு வேண்டும். பலகைக் கதவுக்கு வசதியில்லாவிட்டால் இடுப்பளவு தட்டி போதும். எங்கள் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், சுகாதாரமற்ற நிலையில் உணவு தயாரிப்பதைத் தடைசெய்கிறது. சமையல் இடத்தில் நாய் நடமாடுவதை எந்தப் பரிசோதகரும் ஏற்கமாட்டார். நாயின் மலத்தில் உள்ள புழு முட்டைகள் கை வழியாகக் குழந்தைகளின் வயிற்றுக்குள் போகும் என்பதையும் மறக்கக்கூடாது. நாயைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாட்டைத் தொட வேண்டும்.

இரண்டாவது, மிச்சச் சாப்பாட்டைக் கடை முன்னால் கொட்டாதீர்கள். நாய்கள் அங்கே கூடிச் சண்டை பிடிப்பது அதனால்தான். கடைக்குப் பின்னால் தள்ளி ஓர் இடத்தில், நாளுக்கு ஒரு தரம், ஒரே நேரத்தில் வையுங்கள். நாலு நாளில் நாய்க்கு அந்த இடமும் நேரமும் பழகிவிடும். சமைத்த கோழி எலும்பு உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். வெங்காயம் நாய்க்கு நஞ்சு. ஆகவே கொத்துரொட்டி மிச்சமும் குழம்பும் வேண்டாம். வெறுஞ்சோறும் முள் நீக்கிய மீனும் போதும்.

மூன்றாவது, தண்ணீர். நாய்க்கு எங்களைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். வெயில் நேரத்தில் நிழலான மூலையில் ஒரு பழைய சட்டியில் தண்ணீர் வைத்தால் அது அங்கேயே படுத்துக்கொள்ளும். உங்கள் மேசைகளைத் தேடி வராது.

நாலாவது, இதுதான் மிக முக்கியம், தடுப்பூசி. இலங்கையில் 1973இல் மட்டும் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்தார்கள். தடுப்பூசியால்தான் அந்தத் தொகை அண்மைய ஆண்டுகளில் 20, 30 என்ற அளவுக்கு இறங்கியது. ஓர் ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆண்டுக்கு ஒரு தரம், சுகாதாரப் பகுதியினர் நடத்தும் முகாமில் இலவசமாகவே போடலாம். உங்கள் வாசலில் படுக்கிற கட்டாக்காலி நாயையும் பிடித்துக்கொண்டு போங்கள். அது உங்கள் கையில் சோறு தின்கிற நாய். பிடிக்க உங்களால்தான் முடியும். ஊசி போட்ட அட்டையைக் கடையிலேயே வைத்திருங்கள். முகம் சுளிக்கிறவருக்கும் பரிசோதகருக்கும் அதை எடுத்துக் காட்டலாம். பெட்டை நாய் என்றால் கருத்தடை பற்றியும் கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் ஒரு நாய் கடித்துவிட்டால், அல்லது நகத்தால் கீறிவிட்டால், உடனே சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். பார்வை பார்க்கப் போய் நாளைக் கடத்தாதீர்கள். அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். நோயின் அறிகுறி தெரிந்த பிறகு அனேகமாக யாரையும் காப்பாற்ற முடியாது.

றைஸ்லிப் கடையைப் போல நாயை மேசையடிக்குக் கூட்டிவாருங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வாடிக்கையாளர்கள் அதற்குப் பழகவில்லை, எங்கள் தெருவில் நோயும் இன்னும் போகவில்லை. ஆனால் கல்லும் கொதிதண்ணீரும் இல்லாமல், கடையின் பெயரும் கெடாமல் இருக்க வழி உண்டு. ஒரு தட்டி, ஒரு சட்டி, ஆண்டுக்கொரு ஊசி. இதற்குப் பெரிய செலவில்லை.

உங்கள் ஊரில் அடுத்த தடுப்பூசி முகாம் எப்போது என்று இந்த வாரமே பொதுச்சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு வையுங்கள். முறைப்பாட்டுக்காக அவர் வருமுன் நீங்களாகப் போய்ப் பேசுவது நல்லது. பக்கத்துக் கடைச் சகோதரியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.