வழிந்தோடிய தொட்டி



சென்ற கோடையில் ஒரு ஞாயிறன்று, தண்ணீரை வீணாக்கலாகாது என்று முக்கால் மணி நேரம் பிரசங்கித்தேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, ஆலயத்தின் மேல்நிலைத் தொட்டி நிரம்பித் தெருவில் வழிந்தோடிக்கொண்டிருந்தது. காலையில் மோட்டாரைப் போட்டவன் நானே. தெருமுனைக் குழாயடியில் ஒரு தாயார் குடத்தோடு காத்திருந்தார். வெட்கத்தோடு ஒன்றை உணர்ந்தேன்: அறிவுரை கூறுகிறவனையே அறிவுரை மாற்றவில்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரமும் திண்டிவனமும் வெள்ளத்தில் தத்தளித்ததை நாம் மறக்கவில்லை. ஆயினும் கோடை வந்தால் ஆழ்துளைக் கிணற்றையே நம்பி நிற்கிறோம். நீரை மேலேற்றுவது மின்சாரம். ஆகவே தொட்டி வழியும்போது இரண்டும் வீணாகின்றன. சிக்கனம் நல்லது என்று அறியாதவர் நம்மில் எவருமில்லை. அறிந்தும் ஏன் செய்வதில்லை?

மனித நடத்தையை ஆராய்கிறவர்கள் இதற்கு ஒரு விடை தருகிறார்கள். கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸ் நகரில் ஏறக்குறைய 290 வீடுகளில் நடந்த சோதனை 2007இல் வெளியானது. ஒவ்வொரு வீட்டாருக்கும் அவர்களுடைய மின்பயன்பாட்டையும் அக்கம்பக்கத்தாரின் சராசரியையும் எழுதித் தந்தார்கள். அதிகம் செலவிட்டவர்கள் குறைத்தார்கள். ஆனால், ஏற்கெனவே சிக்கனமாயிருந்தவர்கள் கூட்டிவிட்டார்கள்! அவர்களுடைய சீட்டில் ஒரு சிரித்த முகத்தை வரைந்தபோது அந்தச் சறுக்கல் நின்றது. ஒரு சிறு பாராட்டு போதுமானதாயிருந்தது.

நம் நாட்டு நகர்ப்புற வீடுகளில் நடந்து 2017இல் வெளியான ஆய்விலும், இத்தகைய வாராந்தர ஒப்பீட்டினால் கோடைக்கால மின்பயன்பாடு 7 சதவீதம் குறைந்தது. அதோடு பணச் சலுகையையும் சேர்த்தபோதோ அப்பலன் மறைந்தது. அயலாருக்கான கடமையாய்த் தோன்றியது, பணம் வந்ததும் பேரமாகிவிட்டது என்றே நான் எண்ணுகிறேன்.

"பிறர் காணும்படி நன்மை செய்யலாகாது என்று ஆண்டவர் எச்சரித்தாரே, போதகரே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தன்னை ஆயக்காரனோடு ஒப்பிட்டுப் பெருமைகொண்ட பரிசேயனையும் நாம் அறிவோம். எனவே எவருடைய பெயரையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வெட்கப்படுத்த நான் சம்மதியேன். எட்டுப் பேர் வாழும் வீட்டையும் இருவர் வாழும் வீட்டையும் ஒரே தராசில் வைப்பது நீதியாகாது. ஆனால் ஐயாயிரம் பேர் போஷிக்கப்பட்டபின், மீதியான துணிக்கைகளைச் சேர்க்கும் வேலையைச் சீஷர்கள் திரளான மக்களின் நடுவே செய்தார்கள். அற்புதமாய் அளித்தவரே மிச்சத்தையும் வீணாக்கவில்லை என்பதை அன்று அனைவரும் கண்டார்கள். புகழுக்காகக் காட்டுவது வேறு. நல்ல வழக்கம் ஒன்று நம்மிடையே உண்டு என்று தெரியவருவது வேறு.

எல்லாவற்றையும் மன உறுதியிடம் ஒப்படைக்கவும் வேண்டாம். 2020 ஜனவரி முதல், புதிய ஏ.சி. இயந்திரங்கள் 24 டிகிரியிலேயே தொடங்கவேண்டும் என்று அரசு விதித்தது. பிரசங்கமின்றி அமைப்பே நல்வழியைத் தெரிந்துகொள்கிறது. நம் ஆலயத் தொட்டிக்கும், நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவியைப் பொருத்தியாயிற்று. இனி என் ஞாபகசக்தியை நம்பி அது காத்திராது.

இவ்வாரம் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்ற ஆண்டு இதே மாதங்களில் உங்கள் வீடு செலவிட்ட யூனிட்டையும் இப்போதைய யூனிட்டையும் பாருங்கள். பெயரின்றி ஒரு சீட்டில் இரண்டையும் எழுதி, ஞாயிறன்று வாசலிலுள்ள பெட்டியில் போடுங்கள். சபையாராக நாம் எவ்வளவு குறைத்தோம் என்ற கூட்டுத்தொகையை மட்டும் அறிவிப்பேன். குறையாதிருந்தால் அதையும் மறைக்கமாட்டேன். அடுத்த முறை குழாயடியில் அந்தத் தாயாரைக் காணும்போது, நாம் தலைகுனியாதிருக்க வேண்டும்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் கையிலிருப்பது அயலாருக்கும் உரியது என்பதை நினைவில் நிறுத்தும், நினைவு தவறும் வேளையில் எங்கள் பழக்கம் எங்களைக் காக்கும்படி செய்யும். ஆமென்.